போர்டுக்கு ஒன்பது ரூபாய் நஷ்டம்: சப்ளையை நிறுத்தலாமா?

கோவையிலிருந்து 46 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஏழு பக்கக் கடிதத்தோடு ஒப்பந்த நகலும் ஆறு மாத இன்வாய்ஸ் பட்டியலும் இருந்தன. அடையாளம் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

கணவரும் அவரும் சேர்ந்து சின்ன யூனிட் ஒன்று நடத்துகிறார்கள். பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் பதினொருவர் பெண்கள். பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வகை) சீலிங் ஃபேனுக்குள் இருந்து மோட்டாரை இயக்கும் டிரைவர் போர்டைத் தயாரித்து, வெளி மாநிலத்துப் பெரிய ஃபேன் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்கிறார்கள். போன ஜூலையில் 12 மாத ரேட் காண்ட்ராக்ட் (விலையை முன்கூட்டியே நிர்ணயிக்கும் ஒப்பந்தம்) போட்டபோது போர்டு விலை 182 ரூபாய், அடக்கம் 158. இன்று அடக்கமே 191. இன்னும் நான்கு மாதம் பாக்கி. “ஒப்பந்தக் காலம் முழுவதும் விலை மாறாது” என்று ஒரு பிரிவு, தாமதமானால் வாரம் 1 சதவீதம் வீதம் 10 சதவீதம் வரை பிடித்தம் என்று இன்னொரு பிரிவு. பணம் வருவது 90 நாள் கழித்து. இப்போது வர வேண்டியது 41 லட்சம். இதற்கிடையில் அதே கம்பெனி, மொபைல் ஆப்பில் இயங்கும் வைஃபை போர்டு கேட்கிறது. விலையில் 20 ரூபாய்தான் ஏற்றித் தருவார்களாம், முடியாவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்களாம்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். “சப்ளையை நிறுத்து” என்கிறார் கணவர். “ஃபோர்ஸ் மஜூர், அதாவது கைமீறிய நிலைமை என்று நோட்டீஸ் அனுப்பினால் ஒப்பந்தமே செல்லாது” என்கிறார் பக்கத்து யூனிட்காரர். “மார்க்கெட்டில் பாதி விலைக்கு மாஸ்ஃபெட் (போர்டில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிடைக்கிறது, மாற்றிப் போட்டால் யாருக்குத் தெரியும்?” என்கிறார் தம்பி. “இதில் எது சரி, சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறதா?” என்பது வாசகியின் கேள்வி. வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியின் சி.சி. லிமிட்டை (கேஷ் கிரெடிட் கடன் வரம்பை) உயர்த்தலாமா என்று கடைசி வரியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். “கணக்குப் போடத் தெரியாமல் மாட்டிக்கொண்டோம்” என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். போன ஜூலையில் நீங்கள் போட்ட கணக்கில் தப்பு இல்லை. 2025 தொடக்கத்தில் லண்டன் உலோகச் சந்தையில் செம்பு டன் சுமார் 9,000 டாலர். 2026 ஜனவரியில் 13,000 டாலரைத் தாண்டியது. நீங்கள் வாங்கும் வெற்றுப் பி.சி.பி.யின் (பாகங்கள் பொருத்தாத சர்க்யூட் அட்டையின்) விலைக்குள் அந்தச் செம்பு உட்கார்ந்திருக்கிறது. டிசம்பரில் டாலர் 90 ரூபாயைக் கடந்தது. உங்கள் சிப்புகளில் பெரும்பாலானவை இறக்குமதி என்பதால் அதன் அடியும் உங்கள் தலையில்தான்.

உங்கள் தொழிலின் விசித்திரம் வேறு. பழைய ஃபேனில் காயில், கண்டென்சர் தவிர எலக்ட்ரானிக்ஸ் என்று எதுவும் கிடையாது. 75 வாட் இழுக்கும், ஆனால் இருபது வருஷம் ஓடும். பி.எல்.டி.சி. வந்தபோது மின்சாரம் 30 வாட் அளவுக்கு இறங்கியது. 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமானது இந்தச் சந்தையைத் தூக்கிவிட்டது, உங்கள் யூனிட்டும் அதில்தான் வளர்ந்தது. அப்புறம் ரிமோட், இப்போது ஆப். (எங்கள் வீட்டு ஹாலில் ரிமோட் தொலைந்ததிலிருந்து ஃபேன் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது.) ஒவ்வொரு தலைமுறையிலும் போர்டில் பாகம் கூடுகிறது, கடைக்காரரோ போன வருஷ விலைக்கே கேட்கிறார். அந்த நெருக்கடியைப் பிராண்ட் உங்களிடம் தள்ளுகிறது. நீங்கள் தள்ளிவிடக் கீழே யாரும் இல்லை.

இதில் நியாயம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

விலை ஏறினால் ஒப்பந்தம் செத்துவிடாது

பக்கத்து யூனிட்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த நோட்டீஸை அனுப்பாதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, செய்யவே முடியாமல் போன காரியத்துக்குத்தான் விடுதலை தருகிறது. செய்தால் நஷ்டம் என்பது அதில் சேராது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்துக்கு நெய் வாங்கிக் கொடுத்த முகவர்கள், போரால் நிலைமையே தலைகீழாகிவிட்டது, எங்களுக்குக் கூடுதலாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அலோபி பர்ஷாத் வழக்கு என்று வக்கீல்கள் சொல்லும் அதில், 1960-ல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 2017-ல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கு: இந்தோனேசிய நிலக்கரி விலை ஏறிவிட்டது என்று பெரிய பெரிய மின் நிறுவனங்கள் சொன்ன வாதத்துக்கும் அதே கதிதான். அவர்களுக்கே கிடைக்காத விடுதலை போர்டுக்கு ஒன்பது ரூபாய் நஷ்டத்துக்குக் கிடைக்காது.

சட்டப்படி விலையை மாற்ற ஒரு சின்ன வாசல் உண்டு. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64A பிரிவின்படி, ஒப்பந்தம் போட்ட பிறகு அந்தச் சரக்கின் மீதான வரியோ சுங்கமோ மாறினால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அந்த வித்தியாசத்தை விலையில் சேர்க்கலாம். செம்பு விலைக்கும் டாலர் மதிப்புக்கும் அது பொருந்தாது.

இனி கணவர் சொன்ன வழி. நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவை மறுபடி எடுத்துப் பாருங்கள். “மாதம் சுமார் 6,000, உறுதியான அளவு அந்தந்த பர்ச்சேஸ் ஆர்டரில்” என்று இருக்கிறது. “சுமார்” என்பது ஒரு வார்த்தைதான், ஆனால் வித்தியாசம் பெரிது. கம்பெனி உங்களிடம் இத்தனை வாங்கியே தீருவேன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட ரேட் காண்ட்ராக்டைப் பொதுவாக, திறந்து வைத்த ஒரு முன்மொழிவு என்றுதான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. ஆர்டர் வரும்போது அந்த அளவுக்கு ஒப்பந்தம் பிறக்கிறது. ஆர்டர் வராத பகுதிக்கு, ஒப்பந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, முன்மொழிவைத் திரும்பப் பெற இடம் உண்டு.

ஆக, கையில் ஆர்டர் வந்துவிட்ட இரண்டு மாதச் சரக்கு, 12,000 போர்டு, கொடுத்தே ஆக வேண்டும். அதில் உங்கள் நஷ்டம் 1,08,000 ரூபாய். கொடுக்காமல் விட்டால்? இன்னொரு யூனிட் 205 ரூபாய் கேட்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கம்பெனி அங்கே வாங்கி, வித்தியாசம் 23 ரூபாயை அதே சட்டத்தின் 73-ஆம் பிரிவின்படி உங்களிடம் கேட்டால் 2,76,000 ரூபாய். நிறுத்துவது, கொடுப்பதைவிட இரண்டரை மடங்கு செலவு. கோபத்துக்கு இது அதிக விலை.

ஆர்டர் வராத கடைசி இரண்டு மாதத்துக்கு உங்களிடம் ஒரு சீட்டு இருக்கிறது. ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். டெஸ்ட் ஜிக்கை (போர்டைச் சோதிக்கும் கருவியை) அவர்கள் செலவில் செய்து தந்திருக்கிறார்கள். 12 மாதம் இந்த விலையில் கொடுப்பதற்கான மறுபயன் (பதிலுக்குப் பெற்ற பலன்) அதுதான் என்று அவர்கள் வக்கீல் வாதிடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் வாதிடுவேன். எனவே அந்தச் சீட்டு பேச்சுவார்த்தைக்கு மட்டும்.

தாமதப் பிடித்தம் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில், எழுதிய தொகை என்பது உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். நாலு நாள் தாமதத்துக்கெல்லாம் இயந்திரம் போலக் கழித்துக்கொண்டால் எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

90 நாளுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தாலும்

கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன விஷயம்தான் என் கண்ணுக்கு முதலில் பட்டது. “90 நாள் என்று ஒப்புக்கொண்டுவிட்டோம், அதைப் பற்றிப் பேச முடியாது” என்கிறீர்கள். பேச முடியும். உங்கள் மொத்தக் கடிதத்திலும் சட்டம் முழுசாக உங்கள் பக்கம் நிற்பது இங்கேதான்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-இன் 15-ஆம் பிரிவு: குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டாமல் பணம் தர வேண்டும். தாண்டினால் 16-ஆம் பிரிவின்படி, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. 2025 டிசம்பரிலிருந்து அந்த விகிதம் 5.5 சதவீதம், மூன்று மடங்கு என்றால் 16.5. உங்கள் பட்டியலில் 45 நாளைத் தாண்டியது சுமார் 22 லட்சம். அதற்கு மாதம் ஏறக்குறைய 30,000 ரூபாய் வட்டி உங்களுக்கு வர வேண்டும். போர்டு விலையில் நீங்கள் இழப்பது மாதம் 54,000. பாதிக்கு மேல் இங்கேயே நிற்கிறது, பாருங்கள்.

போதாததற்கு, இன்வாய்ஸ் போட்ட மறுமாதமே 18 சதவீத ஜி.எஸ்.டி.யை நீங்கள் கட்டிவிடுகிறீர்கள். கம்பெனி அந்த வரியை உங்களுக்குத் தருவதோ மூன்று மாதம் கழித்து. அவர்கள் வியாபாரத்துக்கு நீங்கள் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) 2021-லேயே, உற்பத்தி என்ற வகையில் இருக்கிறது. நல்லது. ஒப்பந்தத்துக்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்கு இந்த உரிமை கிடைக்குமா என்பதில் உச்ச நீதிமன்றத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்து, 2025 ஜனவரியில் அது பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. 2025 ஏப்ரல் முதல் உள்ள வரம்பில் விற்றுமுதல் 10 கோடி வரை குறு நிறுவனம்தான், நீங்கள் அதற்கு வெகு கீழே இருக்கிறீர்கள்.

பர்ச்சேஸ் மேனேஜர் “இன்வாய்ஸில் உத்யம் நம்பர் போட வேண்டாம்” என்று சொன்னாரே, ஏன் தெரியுமா? வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்த 43B(h) பிரிவு. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கட்டாத தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது, கட்டிய வருஷத்தில்தான் காட்ட முடியும். மார்ச் 31-ல் உங்களுக்குப் பாக்கி வைத்தால் அவர்களுக்கு வரி கூடுகிறது. அந்த நம்பரைப் போடுங்கள். ஒவ்வொரு இன்வாய்ஸிலும், பளிச்சென்று.

இன்னொரு சின்னக் குறிப்பு. “இரண்டு மாதம் கழித்து 300 போர்டு ரிஜெக்ட் என்று போனில் சொன்னார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள் என்கிறது இந்தச் சட்டம். அதன் பிறகு வாரன்டியில் கேட்கலாம், ஆனால் 45 நாள் கெடுவை அந்த போன் தள்ளிவைக்காது.

கேட்டும் தராவிட்டால் ஃபெசிலிடேஷன் கவுன்சில் (இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் அமைப்பு). ஒப்பந்தத்தில் அவர்கள் ஊரில்தான் ஆர்பிட்ரேஷன் (நடுவர் விசாரணை) என்று இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். 18-ஆம் பிரிவின்படி, சப்ளையர் இருக்கும் பகுதியின் கவுன்சிலே, வாங்குபவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் விசாரிக்கலாம். ஒப்பந்தத்தில் உள்ள ஆர்பிட்ரேஷன் பிரிவைவிட இந்தச் சட்டம்தான் மேலே என்று 2022-ல் மஹாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டுமானால் கம்பெனி முதலில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் அப்படி முடிந்த கேஸ்கள் என் கையில் குறைவு. மனுப் போட்ட மறுநாள் ஆர்டர் நின்றுவிடும் ஆபத்தும் நிஜம். உங்கள் விற்பனையில் பத்தில் ஒன்பது பங்கு இந்த ஒரே கம்பெனிக்குப் போகிறது. அதனால் கவுன்சில் கடைசிக் கதவு. முதலில் ஒரு கடிதம். நோட்டீஸ் வேண்டாம், வக்கீல் லெட்டர்ஹெட் வேண்டாம், உங்கள் லெட்டர்ஹெட்டிலேயே போகட்டும். பர்ச்சேஸ் மேனேஜருக்கு அல்ல, கம்பெனியின் நிதித் துறைக்கு. இன்வாய்ஸ் வாரியாகப் பாக்கி, 45 நாள் முடிந்த தேதி, உத்யம் எண், மார்ச் 31-க்குள் தீர்க்கக் கோரிக்கை. வட்டியைக் கணக்கிட்டுக் காட்டுங்கள், “உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை” என்று ஒரு வரி சேருங்கள், ஆனால் உடனே கேட்காதீர்கள். அந்த வட்டிதான் விலைப் பேச்சில் நீங்கள் விட்டுக்கொடுக்கப் போகும் சரக்கு. “கடைசி இரண்டு மாதத்துக்கு 196 தாருங்கள், பழைய வட்டியைப் பேசித் தீர்க்கலாம்” என்று சொல்வதற்கு ஒரு பிடி வேண்டுமல்லவா? ஒத்துக்கொண்டால் திருத்த ஒப்பந்தமாகக் கையெழுத்து வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வரும் கட்டைவிரல் போதாது.

கம்பெனியின் விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் என்பதால் டிரெட்ஸ் என்ற, சிறு தொழில்களின் பில்லுக்கு முன்கூட்டியே பணம் கிடைக்கச் செய்யும் ஆன்லைன் தளத்தில் அவர்கள் பதிவு செய்தே இருக்க வேண்டும். உங்கள் பில்லை அங்கே ஏற்றி அவர்கள் ஒப்புதல் கொடுத்தால், வங்கிகள் போட்டி போட்டு டிஸ்கவுன்ட் செய்து (கொஞ்சம் கழித்துக்கொண்டு) சில நாளில் பணம் தரும். இதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். நிதித் துறைக்காரருக்கு இது வலிக்காத வழி.

தம்பி சொன்ன மாஸ்ஃபெட்

வேண்டாம். பாதி விலைக்கு வருவது பெரும்பாலும் பழைய போர்டிலிருந்து கழற்றி, மேலே சுரண்டி, புது நம்பர் அடித்த சரக்கு. சீலிங் ஃபேனுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கம்பெனி சோதனைக்குக் கொடுத்த ஃபேனில் இருந்த பாகம் ஒன்று, வீட்டுக்குப் போகும் ஃபேனில் இருப்பது வேறொன்று என்றால் ஒப்பந்த மீறலோடு நிற்காது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் “தயாரிப்பாளர்” என்று சொல்லும்போது, பொருளின் பாகத்தைச் செய்பவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. யாரோ ஒருவர் வீட்டில் போர்டு புகைந்தால் அந்த வழக்கில் உங்கள் யூனிட்டின் பெயரும் இருக்கும். அதோடு, இதுவரை நியாயம் பேசும் நிலையில் இருப்பவர் நீங்கள், அந்த நிலையும் போய்விடும்.

பாகத்தை மாற்றிச் செலவைக் குறைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அசல் ஏஜென்டிடம் கிடைக்கும் மாற்று மாடலைச் சாம்பிளோடு கம்பெனியின் டிசைன் ஆட்களிடம் கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கி மாற்றுங்கள். பர்ச்சேஸ்காரரிடம் வராத இரக்கம் சில சமயம் டிசைன் என்ஜினீயரிடம் வரும். அவர்களுக்கும் செலவைக் குறைக்கச் சொல்லித் தினமும் மெயில் வருகிறது.

வைஃபை போர்டுக்குக் கையெழுத்துப் போடும் முன்

20 ரூபாய்க்கு ஒத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரிய வேண்டியதில்லை. மாட்யூல் விலையே அதைவிட அதிகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆர்டர் போய்விடுமே என்ற பயம்தான் உங்களை இழுக்கிறது. சிப் சந்தையின் இன்றைய நிலையில் ஒரு வருஷத்துக்கு நிலையான விலை சொல்வது தற்கொலை. சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கான நினைவகச் சிப் பக்கம் திரும்பியதில் சாதாரண நினைவகம் எகிறிக் கிடக்கிறது. மைக்ரான் தன் நுகர்வோர் பிராண்டான க்ரூஷியலையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. உங்கள் மாட்யூலில் இருப்பது சின்ன ஃபிளாஷ்தான், அந்த ரகம் அல்ல. ஆனாலும் சிப் சந்தையில் ஒரு வாசலில் நெரிசல் என்றால் அடுத்த வாசலிலும் தள்ளுமுள்ளு வரும்.

என் யோசனை: விலையுயர்ந்த பாகங்களை, அதாவது மாட்யூலையும் மைக்ரோகண்ட்ரோலரையும், கம்பெனியே வாங்கி ஃப்ரீ இஷ்யூவாக (விலை போடாமல்) கொடுக்கட்டும். நீங்கள் கன்வெர்ஷன் சார்ஜ் (செய்கூலி) மட்டும் வாங்குங்கள். பில் தொகை சிறியதாகத் தெரியும், கௌரவக் குறைச்சலாகக்கூட உங்கள் கணவருக்குத் தோன்றலாம். ஆனால் உங்கள் முதல் முடங்காது, டாலர் ஏறினால் இரவில் தூக்கம் போகாது. ஜி.எஸ்.டி.யில் இதற்கு ஜாப் ஒர்க் வழிமுறை இருக்கிறது, ஆடிட்டரிடம் சலான் விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் மறுத்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை செம்பு விலையையும் டாலர் மதிப்பையும் வைத்து விலை தானாக மாறும் பிரிவு இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இறங்கினால் அவர்களுக்கும் குறையும் என்று எழுதுங்கள், அப்போதுதான் ஒத்துக்கொள்வார்கள்.

இன்னும் மூன்று விஷயம் அந்த வரைவில் இல்லை. வைஃபை என்றால் ரேடியோ. தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவில் இ.டி.ஏ. என்ற அனுமதி வாங்க வேண்டும், அது யார் பெயரில், யார் செலவில்? சாஃப்ட்வேர் கோளாறால் ஃபேன் நின்றால் அதுவும் உங்கள் வாரன்டியில் விழுமா? அவர்கள் வாடிக்கையாளருக்கு ஐந்து வருஷம் கொடுத்துவிட்டு உங்களிடமும் ஐந்து கேட்கிறார்கள். போர்டு பழுதுக்கு இரண்டு வருஷம், அதுவும் போர்டின் விலை அளவுக்கு மட்டும் என்று நிறுத்துங்கள். மூன்றாவது, கம்பெனியின் கணிப்பை நம்பி நீங்கள் முன்கூட்டி வாங்கும் பாகங்கள். ஆர்டர் வராவிட்டால் அவற்றை அடக்க விலைக்கு அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு அது பீரோவிலேயே இருக்கட்டும். உங்களுக்குத் தேவைப்படுவதாகச் சொல்லும் 15 லட்சத்தைவிட அதிகம் அந்தக் கம்பெனியிடம் கெடு தாண்டி நிற்கிறது. கடிதம் போய், மார்ச் 31 கழிந்து, எவ்வளவு வந்தது என்று பார்த்துவிட்டு அதைப் பேசலாம். அதற்குள் இரண்டு காரியம் செய்யுங்கள்: ஒவ்வொரு சரக்குக்கும் கம்பெனி ஸ்டோர் சீல் போட்ட டெலிவரி சலான் இருக்கிறதா என்று ஃபைலைப் பாருங்கள், ஆறு மாதப் பட்டியலில் டிசம்பர் மாத இன்வாய்ஸ் இரண்டு விடுபட்டிருக்கின்றன, அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.